வெள்ளை வாரத்துக்கு ஒரு திட்டம்

பூகோள வாத்தியாருக்கு உலகத்திலுள்ள மலைகளெல்லாம் சொந்தம். அவற்றில் ஒன்றிலாவது ஏறிப் பார்க்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் மட்டும் கிடையாது. இது தெரிந்திருந்தும் என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னிடமே யோசனை கேட்டு எழுதியிருக்கிறான். ஜெர்மனி தேசத்து மூனிக் நகரத்தில் அவனுக்கு இஞ்சினீயர் உத்தியோகம். மனைவி, எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பிள்ளை ஆகியோருடன் குடித்தனம் செய்கிறான். கும்பகோணத்திலிருந்து அவனுடைய தாய் தந்தையர் இரண்டு மாதம் தங்கிப் போக வருகிறார்களாம். எல்லோருமாக, இத்தாலியில் கோர்ட்டினா தம்பெத்ஸோ என்னும் மலையூருக்குச் சென்று, ஒரு வாரம் பனியில் சறுக்கி விளையாடி வருவதென்று தீர்மானம். "ஸார், டோலமைட் மலைகள் சாயங்காலத்தில் ரோஜா நிறமாக மாறும் என்று ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போது போய்ப் பார்க்கக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. எப்போது போவது, எங்கே தங்குவது, என்ன செய்வது என்று தாங்கள்தான் சொல்லவேண்டும்" என்கிறான்.

ஒன்பதாம் வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும் மாணாக்கனுக்கு எந்த வாத்தியார்தான் பதில் எழுதமாட்டார்? தவிரவும், ஐரோப்பாவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத குடும்பம் இக்காலத்தில் அருமையாகி வருகிறது. ஆகையால் தபாலில் சேர்க்கவேண்டிய பதிலை இந்தப் பகுதியிலேயே அச்சேற்றிவிடத் துணிந்தேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய கடிதத்தில் எனக்குச் சிறிதும் பிடிக்காத விஷயம் அதில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தில் மலைக்குப் போய்த் தங்கும் ஒரு வார விடுமுறையை இத்தாலியர் 'வெள்ளை வாரம்' என்கிறார்கள். கோர்ட்டினாவில் சறுக்குக் காலம் நவம்பர் கடைசி வாக்கில் ஆரம்பித்து ஏப்ரல் முதலில் முடிகிறது. டிசம்பர் 7-ந் தேதி மிலான் நகரத்தின் காவலரான அம்புரோஸ் முனிவரின் திருநாள். 8-ந் தேதி மாதாவின் திருநாள், தேசம் முழுவதும் விடுமுறை. அந்த இரண்டு நாட்களில் மிலான் தனவந்தர்கள் படையெடுத்து வந்து ஊரைக் கலகலப்பாக்கி விடுவார்கள். பிறகு கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6-ந் தேதி வரையில் ஊருக்குள் எள் போட்டால் எள் விழாது. அறை வாடகையும் அதற்குத் தக்கபடி ஆகாயத்தில் நிற்கும். ஜனவரி 7-ந் தேதி பிறந்ததும் ஜனங்கள் மாயமாய் மறைவார்கள்; வாடகை கீழே இறங்கும்; பனி நன்றாக இறுகிக் கிடக்கும். பிப்ரவரியில் கார்னிவல் பண்டிகைச் சமயத்தில் மறுபடியும் கூட்டம்.

ஆகவே விவரம் அறிந்தவர்கள் ஜனவரி நடுவில் போவார்கள். என் மாணாக்கனும் இதைக் கண்டுபிடித்து விட்டான். ஆனால் அப்போது அவன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் உண்டே! அதற்கு அவன் கண்டிருக்கும் உபாயம்: "ஒரு வாரம் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்."

வாத்தியாருக்கு எழுதும் கடிதத்தில் இந்த வாக்கியத்தை எழுத அவனுக்கு எப்படித்தான் கை வந்ததோ? ஜெர்மனியில் பள்ளிக்கூடத்துக்குப் போவது சட்டப்படி கட்டாயம். பவேரியா மாகாணத்தில், விடுமுறை தொடங்குமுன்பே பிள்ளைகளுடன் விமானம் ஏறப் போன பெற்றோர்களைப் போலீஸார் விமான நிலையத்திலேயே நிறுத்தி விசாரித்த சமாசாரம் 2018-ம் வருஷம் பத்திரிகைகளில் வந்தது. அபராதமும் உண்டு. அபராதம் கிடக்கட்டும். அந்தக் குழந்தை ஒரு வாரம் மலையில் கொண்டாடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, "எனக்குக் காய்ச்சல்" என்று சொல்ல வேண்டும். பனியில் சறுக்கக் கற்றுக்கொள்ளும்முன் உண்மையிலிருந்து சறுக்கக் கற்றுக்கொடுத்தாகிவிடும்.

நேர் வழி இல்லாமலில்லை. ஈஸ்டர் பண்டிகை மார்ச்சுக் கடைசியில் வருகிற வருஷமாகப் பார்த்துக்கொள்ளட்டும். 2027-ல் ஈஸ்டர் மார்ச்சு 28-ந் தேதி. பவேரியாப் பள்ளிகள் அதற்கு முந்திய வாரமே விடுமுறை விட்டுவிடும். அந்தச் சமயத்தில் பள்ளத்தாக்கில் பனி கரையத் தொடங்கியிருக்கும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலே, காலை வேளையில், சறுக்குவதற்குக் குறைவிராது. பிற்பகலில் பனி சோற்றுக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அப்போது குழந்தைகளுக்குப் பனியில் பொம்மை செய்வதற்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. பகல் நீண்டிருக்கும். காவேரிக் கரையிலிருந்து வருகிற வயோதிகர்களுக்கு ஜனவரிக் குளிரைக் காட்டிலும் மார்ச்சு வெயில் ஆயிரம் மடங்கு மேல். பண்டிகைக் கூட்டம் வந்து இறங்குகிற சமயத்தில் இவர்கள் மூட்டை கட்டிவிடலாம்.

நிற்க. அந்த மலைகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

கோர்ட்டினா வெனிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், போயிடே என்னும் சிற்றாறு ஓடும் அம்பெத்ஸோ பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர். நம் ஏற்காட்டைவிடத் தாழ்ந்த இடந்தான். ஆனால் ஊரைச் சுற்றி நிற்பவையோ தோஃபானா 3,244 மீட்டர், கிறிஸ்டல்லோ 3,221 மீட்டர், ஸோரப்பிஸ் 3,205 மீட்டர் என்று செங்குத்தான கற்சுவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டோலோமியு என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு விசித்திரக் கல்லைக் கண்டார். பார்வைக்குச் சுண்ணாம்புக் கல். ஆனால் திராவகம் விட்டால் சுண்ணாம்புக் கல்லைப்போல் நுரைத்துப் பொங்கவில்லை. அதில் மக்னீஷியமும் கலந்திருந்ததே காரணம். 1792-ல் அந்தக் கல்லுக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். கல்லின் பெயர் பிற்பாடு மலைத்தொடருக்கே ஆகிவிட்டது.

அந்த டோலோமியுவின் கதை நம்மவர்கள் அறியவேண்டிய ஒன்று. நெப்போலியனுடன் எகிப்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் 1799-ல் இத்தாலியின் தென்கோடியில் பிடிபட்டு, மெஸினா நகரத்துச் சிறையில் இருபத்தொரு மாதம் தனியே அடைபட்டுக் கிடந்தார். காகிதம் இல்லை, பேனா இல்லை. விளக்குக் கரியைக் குழைத்து மையாக்கி, மரச் சிராயை எழுதுகோலாக்கி, கைவசமிருந்த புத்தகத்தின் வெற்று ஓரங்களிலே தாதுப் பொருள் சாஸ்திரத்தைப் பற்றி எழுதித் தள்ளினார். 1801-ல் விடுதலையாகி அந்த வருஷமே காலமானார். சிறைச்சாலையில் நூல் எழுதும் வழக்கம் நம் தேசபக்தர்களுக்கே உரியது என்று எண்ணியிருந்தவர்கள் இந்தப் பிரெஞ்சுக்காரரையும் ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்மலைகள் சுமார் இருபத்து மூன்று கோடி வருஷங்களுக்கு முன் வெப்பமான கடலின் அடியில் உண்டானவை. ஊரிலேயே ஸர்தினி என்பவரின் பெயரால் ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது. மலையிலிருந்து பொறுக்கியெடுத்த சங்கும் சிப்பியும் பவழமும் அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். சறுக்கிக் களைத்த பெண்ணை ஒரு மத்தியானம் அங்கே அழைத்துப் போவது பிதாவின் கடமை.

மாணாக்கன் ஞாபகம் வைத்திருக்கும் ரோஜா நிறத்துக்கு 'என்ரோஸதீரா' என்று மலைவாசிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியன் சாயும்போது வெளிறிய கல் செந்தூரமாகிப் பிறகு ஊதாவாகிறது. இதற்கு ஒரு கதையும் உண்டு. லாரின் என்னும் குள்ள அரசன் மலைமேல் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தானாம். அதனால் தனக்குக் கேடு வந்ததென்று கோபங்கொண்டு, 'இனி இந்தத் தோட்டம் பகலிலும் ஒருவர் கண்ணுக்குப் படாமல் போகட்டும், இரவிலும் படாமல் போகட்டும்' என்று சபித்தான். பகலுமில்லாத இரவுமில்லாத சந்தி வேளையை அவன் மறந்துபோனான். இரணியனும் அதே வேளையைத்தான் மறந்தான் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும்.

*

ஊர் யாருடையது என்று கேட்டால் பதில் சுலபமாக வராது. அங்கே பூர்வீகக் குடிகள் பேசுவது லதீன் என்னும் சிறு பாஷை. லத்தீனிலிருந்து பிறந்து மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் தங்கி நின்றது. அதைப் பேசுகிறவர்கள் எல்லாப் பள்ளத்தாக்குகளிலுமாகச் சேர்ந்து ஏறக்குறைய முப்பதினாயிரம் பேர்தான். பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்து முதல் உலக யுத்தம் வரையில் ஊர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் கீழ் இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு இத்தாலியைச் சேர்ந்தது. 2007-ல் ஊரார் வாக்களித்து, தங்களை வெனெட்டோ மாகாணத்திலிருந்து பிரித்து, பக்கத்தில் லதீன் பேசும் மற்றப் பள்ளத்தாக்குகள் இருக்கும் மாகாணத்தோடு சேர்க்கும்படி பெரும்பான்மையாகக் கேட்டுக்கொண்டார்கள். ரோமாபுரி அதை நிறைவேற்றவில்லை. பாஷை வழி மாகாணம் என்ற விவகாரம் நமக்குப் பழக்கமானது. அதனால் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

இதைவிட ருசிகரமான விஷயம் 'ரேகோலே' என்னும் ஊர்ச் சபைகள். சுற்றிலுமுள்ள காடும் மேய்ச்சல் நிலமும் பல நூற்றாண்டுகளாகப் பூர்வீகக் குடும்பங்களின் பொதுச் சொத்து. பிரிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. எந்த அரசாங்கம் வந்தபோதிலும் இந்த ஏற்பாடு போகவில்லை. 1990-ல் ஏற்பட்ட இயற்கைப் பூங்காவை நிர்வகிக்கும் பொறுப்பையும் இந்தச் சபைகளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். ஊர் நடுவில் 'கோவாப்பரட்டீவா' என்று ஒரு பெரிய கடை இருக்கிறது. 1893-ல் ஊரார் சேர்ந்து ஆரம்பித்த ஐக்கிய பண்டகசாலை. ஊசி நூல் முதல் சறுக்குச் சட்டை வரையில் சகலமும் கிடைக்கும். கோர்ட்டினாவின் பட்டுக் கம்பளி மினுக்குகளைப் பார்த்து மிரளுகிற பிரயாணி முதலில் நுழையவேண்டிய இடம் இதுதான்.

மினுக்குக்கும் குறைவில்லை. கோர்ஸோ இத்தாலியா என்னும் கடைத்தெருவில் மோட்டார் போகக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மிருகத் தோல் அங்கிகளும் வைரத் தோடுகளும் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டேயிருக்கும். சறுக்குக் கட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் அநேகர் அங்கே வெள்ளை வாரம் கொண்டாடுகிறார்கள். 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. இத்தாலிய வரி இலாகா உத்தியோகஸ்தர்கள் திடீரென்று ஊருக்குள் புகுந்து கடைகளிலும் ஹோட்டல்களிலும் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அன்றைக்கென்று கடைகளின் வியாபாரம் முந்திய வருஷத்தைவிடப் பல மடங்கு பெருகிவிட்டது! தெருவில் நின்ற 251 ஆடம்பர மோட்டார்களின் சொந்தக்காரர்களை விசாரித்ததில், 42 பேர் வருஷ வருமானம் முப்பதினாயிரம் யூரோவுக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியவர்களாம். ஏழைகளின் ஊர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கலாம்.

சிரித்து முடித்த பிறகு வருத்தப்படவும் இடமிருக்கிறது. காடு பொதுவானாலும் வீடு பொது அல்ல. ஊர் நடுவிலுள்ள வீடுகளை மிலான்காரர்களும் ரோமாபுரிக்காரர்களும் வாங்கிப்போட்டு, வருஷத்தில் சில வாரம் திறந்து, மற்ற நாட்களில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஊரில் பிறந்த வாலிபனுக்கு, கல்யாணமானால், குடியிருக்க வாடகை வீடு கட்டுபடியாகவில்லை. நிரந்தர ஜனத்தொகை ஆறாயிரத்துக்குள் இறங்கிவிட்டது.

ஆகவே தங்குவதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. கோர்ட்டினாவுக்குள் அறை எடுக்கவேண்டாம். தெற்கே பத்துக் கிலோமீட்டரில் ஸான் வீட்டோ தி கடோரே என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆன்ட்டெலாவோ என்ற 3,264 மீட்டர் மலை அதன் தலைமேலேயே நிற்கும். அங்கே சமையலறையோடு கூடிய வீடாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டால், காலையில் பஸ் ஏறிக் கோர்ட்டினாவுக்குப் போகலாம். ராத்திரி வந்து ரசஞ்சாதம் சாப்பிடலாம். பணம், வீட்டைத் திறந்துவைத்திருக்கிற குடும்பத்துக்குப் போய்ச் சேரும். ஸான் வீட்டோவிலேயே குழந்தைகளுக்கேற்ற சிறிய சறுக்குச் சரிவும் உண்டு.

போகும் வழி: முன்காலத்தில் கோர்ட்டினாவுக்கு மலை ரெயில் இருந்தது. 1964-ல் அதை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போன பாதையில் இப்போது கோடையில் சைக்கிள் ஓடுகிறது. மூனிக்கிலிருந்து மோட்டாரில் வருகிறவன் ஆஸ்திரியாவைக் கடந்து, பிரென்னர் கணவாய் ஏறி இறங்கி, கிழக்கே திரும்பி, தோப்பியாக்கோ வழியாகச் சீமாபாங்கே கணவாயைத் தாண்டினால் ஊர். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையில் அந்தப் பக்கத்து ரஸ்தாக்களில் பனிக்காலத்து டயர் போட்டிருக்கவேண்டும், அல்லது சங்கிலியாவது வண்டியில் வைத்திருக்கவேண்டும். 'மார்ச்சு ஆயிற்றே, எதற்கு?' என்று கேட்கலாகாது. ரெயிலில் வர இஷ்டமானால் தோப்பியாக்கோ வரையில் ரெயில், அப்புறம் பஸ்.

*

இனி சறுக்குகிற விஷயம். மாணாக்கன் கட்டை, பூட்ஸ், கோல் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட யோசித்திருக்கிறான். வேண்டவே வேண்டாம். எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். குழந்தைகளின் பாதம் அடுத்த வருஷம் இதே அளவில் இருக்காது. இரண்டாவது, ஆசிரியர் இல்லாமல் முதல் நாள் கட்டையில் ஏறக் கூடாது. இதை ஆசிரியன் சொல்வதால் தள்ளிவிடவேண்டாம். கட்டைகளின் முனையைச் சேர்த்து, பின்புறத்தை அகட்டி, ஏர்க் கலப்பை போல வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம்.

ஐந்து நாளைக்கும் பெரிய அநுமதிச் சீட்டு வாங்குகிறானாம். டோலமைட் பிரதேசத்துப் பன்னிரண்டு சறுக்குப் பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு இருக்கிறது. 1974-ல் ஏற்பட்ட ஏற்பாடு. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பாதைகளுக்குச் செல்லுபடியாகும். நெரிசல் காலத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு எண்பது யூரோவைத் தாண்டிவிட்டது. விழுந்து எழுந்து பழகுகிறவனுக்கு 1,200 கிலோமீட்டர் எதற்கு? முதல் மூன்று நாளும் பயிற்சிச் சரிவுக்கு வேண்டிய சில்லறைச் சீட்டே போதும். நீலக் கொடிப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஒரு வாரத்தில் இவன் நீலத்தைத் தாண்டுவது எனக்குச் சம்மதமில்லை.

சட்டங்களையும் தெரிந்துகொள்ளவேண்டும். பின்னால் வருகிறவன்தான் முன்னால் போகிறவனை இடிக்காமல் விலகவேண்டும். இது சர்வதேச விதி. பிறருக்கு விளைவிக்கும் காயத்துக்கு ஈடு கட்டும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் இத்தாலியச் சரிவுகளில் இறங்கக் கூடாது; 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். 2025 நவம்பர் முதல் தலைக் கவசமும் வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் கட்டாயமாகிவிட்டது.

தகப்பனாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெரியவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ சில்லறைச் செலவைக் குறிப்பதுபோல, பையன் எழுதியிருக்கிறான். அதே கடிதத்தின் நடுவில், 'அப்பாவை லகஸூவோய் உச்சிக்கு அழைத்துப் போகவேண்டும், யுத்தச் சுரங்கம் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார்' என்றும் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததாகத் தெரியவில்லை.

பெரியவரின் ஆசை நியாயமானதே. 1915 முதல் 1917 வரையில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் இந்த மலைகளின் வயிற்றைக் குடைந்து, ஒருவர் காலடியில் ஒருவர் வெடி வைத்துப் போர் புரிந்தார்கள். 1916 ஜூலை 11-ந் தேதி, தோஃபானாவை ஒட்டிய காஸ்டெல்லெட்டோ பாறைக்கு அடியில் இத்தாலியர் 35 டன் வெடிமருந்தை வெடிக்கச் செய்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 13-ந் தேதி மார்மோலாடா மலையில் பனிச்சரிவு விழுந்து ஆஸ்திரிய முகாமில் சுமார் 270 பேரைப் புதைத்துவிட்டது. குண்டினால் மாண்டவர்களோடு குளிரினாலும் பனிச்சரிவினாலும் மாண்டவர்களும் எண்ணிறந்தவர். லகஸூவோய் சுரங்கங்கள் இன்றும் பார்க்கும்படியாக இருக்கின்றன. ஆனால் பால்ஸாரேகோ கணவாயிலிருந்து கயிற்று வண்டி சில நிமிஷத்தில் 2,700 மீட்டருக்கு மேல் கொண்டு நிறுத்திவிடும். நம் பழனியிலே ரோப் காரில் ஏறுவதுபோல அல்ல. காற்று லேசு, குளிர் கடுமை, சுரங்கத்தில் பனிக்காலத்தில் படி வழுக்கும். இருதய வைத்தியர் பார்த்து, 'போகலாம்' என்று எழுதிக் கொடுக்காமல் பெரியவர் அங்கே போகக் கூடாது. ஊரிலிருந்தே புறப்படும் ஃபலோரியா கயிற்று வண்டியில் சுமார் 2,100 மீட்டர் வரையில் போய், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே தோஃபானாவைப் பார்த்துக்கொண்டு பேரனுடைய சேஷ்டையை ரசிப்பது எந்த விதத்திலும் குறைவல்ல. அதற்கும் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விஸாவுக்காக வாங்கும் பிரயாண இன்ஷூரன்ஸ் முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாமல் வைத்தியச் செலவைத் தாங்கவேண்டும் என்பது விதி. ஆனால் மலிவான பத்திரங்கள் பலவற்றில், பழைய வியாதிக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். பனிச்சறுக்குக்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். பெற்றோர் அதிக நாள் தங்கப் போவது ஜெர்மனியில். ஆகையால் விஸாவும் ஜெர்மனியிடமே கேட்கவேண்டும், இத்தாலியிடம் அல்ல. கட்டணம் 2024 ஜூன் முதல் ஆளுக்குத் தொண்ணூறு யூரோ. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம்.

*

பனி இருக்குமா என்று ஒரு கேள்வி. இருக்கும், ஆனால் எல்லாம் வானத்திலிருந்து விழுந்ததாக இராது. இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் மிகப் பெரும் பகுதிக்கு இப்போது இயந்திரத்தால்தான் பனி தூவுகிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் அதற்கு ஏராளமாய் வேண்டும். உலகம் சூடேறி வருவதை மலை முதலில் அறிகிறது. 2022 ஜூலை 3-ந் தேதி மார்மோலாடாவின் பனியாறு உடைந்து விழுந்து பதினொரு பேர் மாண்டார்கள்.

கோர்ட்டினாவில் 1956-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 2026-ம் வருஷத்து ஒலிம்பிக்கை மிலானுக்கும் கோர்ட்டினாவுக்கும் கூட்டாக அளித்தார்கள். அதற்காக, 2008-ல் மூடப்பட்ட பனிவண்டிப் பாதைக்குப் பதில் பத்துக் கோடி யூரோவுக்கு மேல் செலவில் புதுப் பாதை போட்டார்கள். பக்கத்து ஆஸ்திரியாவில் தயாராக இருக்கும் பாதையை உபயோகித்தால் போதுமே என்று ஒலிம்பிக் சபையாரே சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான லார்ச்சு மரங்களை வெட்டத் தொடங்கிய அன்று, மரியோ புரூனெல்லோ என்னும் பிரசித்த வித்வான் காட்டில் உட்கார்ந்து செல்லோ வாத்தியம் வாசித்தார். வாள் ஓசையும் வாத்திய ஓசையும் சேர்ந்து கேட்டதாம். காடு பொதுவாய் இருந்தால் மட்டும் தப்பிவிடும் என்று எண்ணியிருந்த எனக்கு அந்தச் செய்தி சமாதானமாயில்லை.

அந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றியும் எழுதவேண்டும். லீனோ லசெதெல்லி என்பவர் 1954 ஜூலை 31-ந் தேதி, உலகத்தின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தின் மேல், தோழர் கொம்பாஞ்யோனியுடன் முதன்முதலாக நின்றார். ஊரில் அவருக்குக் கிடைத்த கீர்த்திக்கு எல்லையில்லை. அதற்கு முந்திய இரவில், அவர்களுக்குப் பிராணவாயுக் குப்பிகளைச் சுமந்து சென்ற பொனாட்டியும், ஹூன்ஸா நாட்டுச் சுமை தூக்கி அமீர் மெஹ்தியும், சுமார் எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் கூடாரமில்லாமல் திறந்த பனியில் கிடந்தார்கள். மெஹ்தியின் கால் விரல்கள் எல்லாம் போயின. இந்தக் கதை வெகுகாலம் அமுங்கியிருந்து பிறகுதான் வெளியே வந்தது. மாணாக்கனின் பெண்ணுக்கு லசெதெல்லியின் ஊரைக் காட்டும்போது மெஹ்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகாரத்துக்கு அஞ்சவேண்டாம். 'கஸுன்ஸியேய்' என்று அவ்வூருக்கே உரிய பலகாரம்: பிறைச் சந்திரன் போன்ற மாவுக் கொழுக்கட்டை, உள்ளே பீட்ரூட் பூரணம், மேலே உருக்கிய வெண்ணெயும் கசகசாவும். பூரணத்தில் இறைச்சி கிடையாது, ஆயினும் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம்; மேலே தூவும் பாலாடைக் கட்டியில் கன்றின் வயிற்றுச் சரக்குச் சேர்வது உண்டு, ஆசாரமுள்ளவர்கள் அதை வேண்டாமென்று சொல்லிவிடலாம். சோள மாவில் கிண்டும் 'போலெந்தா' நம் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். 'கனேதெர்லி' என்னும் ரொட்டி உருண்டையில் பன்றி இறைச்சி கலந்திருக்கும். விசாரிக்காமல் தொடக் கூடாது. 'பொம்பார்தீனோ' என்று மஞ்சளாய்ச் சுடச்சுட ஒரு பானம் கொண்டுவருவார்கள். பாதாம் பால் என்று பெரியவர் மயங்கிவிடப் போகிறார். அதில் முட்டையும் பிராந்தியும் இருக்கின்றன.

கடைசியாக, தாயார் கேட்டிருக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் குளிரில் புடவை கட்டிக்கொண்டு வரலாமா, ஊரார் சிரிப்பார்களா என்று அந்த அம்மாள் சந்தேகப்படுகிறார். தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும். உள்ளே கம்பளிக் காற்சட்டை, மேலே நீண்ட கம்பளிக் கோட்டு, கணுக்காலுக்கு மேல் வரும் வழுக்காத பூட்ஸ், காதை மூடும் குல்லா. புடவையைப் பூட்ஸுக்கு மேலே நாலு விரற்கடை தூக்கிக் கட்டினால் ஈரம் ஏறாது. பனியின் வெண்மையில் வெயில் இரட்டிப்பாய்த் தெறிக்கும். கறுப்புக் கண்ணாடி மறக்கக் கூடாது. அதை ஊரிலிருந்து சுமந்து போகவும் வேண்டாம். இத்தாலியின் மூக்குக் கண்ணாடித் தொழில் பிறந்ததே அந்தப் பக்கத்தில்தான். ஸான் வீட்டோவுக்குக் கிழக்கே கலால்ஸோ என்னும் ஊரில் 1878-ல் முதல் தொழிற்சாலை வைத்தார்கள். அந்த அம்மாளுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று, அங்கேயே வாங்கிக் கொடுக்கட்டும்.